சும்மா இருக்க வேண்டிய பன்னிரண்டு பேர்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கவரைப் பிரிக்காமலேயே தையல் மெஷின் இழுப்பறையில் போட்டுவிடுவீர்கள் என்று உங்கள் கொழுந்தனார் சொன்னார். "அண்ணி கோவம் அவ்வளவு லேசுல ஆறாது, எழுதிப் பாரு" என்றார். போன் செய்திருக்கலாம். ஆனால் போனில் நாம் இருவரும் 'ஹலோ'வுக்கு அடுத்த வார்த்தையிலேயே நான் பெட்டியோடு கிளம்பிய அந்த ஜூலை மாதத்துக்குப் போய் நின்றுவிடுகிறோம். கடிதத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வர முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த நாம் ஒன்றரை வருடமாக "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்ற அளவில்தான் பேசிக்கொள்கிறோம். இப்போது உதவி கேட்டு எழுதுவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. கேட்காமலும் முடியவில்லை.

உடற்பயிற்சி அறிவியல் முதுகலையில் இது கடைசிப் பகுதி. ஆய்வேடு எழுத வேண்டும். நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை செய்யும் பெண்கள், வேலை இடத்திலேயே தினம் பத்து நிமிடம் பயிற்சி செய்தால் கால் பலமும் முதுகு வலியும் எப்படி மாறுகின்றன என்பது என் கேள்வி. ஜூன் மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் பட்டம் இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையான எனக்குக் கொடுத்த விடுப்பும் ஜூனோடு தீர்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. முப்பத்தேழு வயதில் நான் ஒருத்திதான். என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள், கேலியாகவா மரியாதையாகவா என்று இன்னும் தெரியவில்லை.

உங்கள் தையல் கூடத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்களில் இருபத்து நான்கு பேர் சம்மதித்தால் போதும். உங்கள் சொல்லுக்குத்தான் அங்கே எல்லோரும் எழுந்து நிற்பார்கள். முதலாளியிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்களா?

உங்கள் ஓரகத்தி


பிப்ரவரி 12

மருமகளாக வந்த நாளிலிருந்து என்னிடம் எதையும் கேட்டு வாங்காத என் ஓரகத்திக்கு,

கவரைப் பிரித்தேன். உன் புருஷன் சொன்னது பொய். இழுப்பறையில் இரண்டு நாள் வைத்திருந்துதான் பிரித்தேன் என்பது வேறு விஷயம்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். "பத்து நிமிஷம் மெஷின் நின்னா எத்தனை சட்டை குறையும் தெரியுமா?" என்று கையைப் பிசைந்தார். "மத்தியானம் மூணு மணிக்கு மேல எல்லாரும் முதுகைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களே, அப்ப எத்தனை குறையுதுன்னு எண்ணிப் பார்த்தீங்களா?" என்றேன். நான் எண்ணி வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டார்.

இருபத்து நான்கு பேர் சரி சொல்லிவிட்டார்கள். என்னோடு சேர்த்து இருபத்து நான்கு. பட்டன் ஓட்டைக்குக் காஜா தைக்கும் வரிசைக்குப் பொறுப்பாக இருக்கிறாளே, காஜாக்காரி, அவளும் சேர்ந்திருக்கிறாள். நான் சேர்ந்ததால் சேர்ந்தாள். நான் கிணற்றில் குதித்தாலும் எனக்கு முன்னால் குதித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

ஓடுவதற்கும் குதிப்பதற்கும் இரண்டு வருடப் படிப்பா என்று நான் அன்றைக்குக் கேட்டது கேட்டதுதான். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. உதவி வேறு, கோபம் வேறு.

மூத்தவள்


பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

மிகவும் நன்றி. அளவெடுக்க வந்த தாடிக்கார மாணவன் திரும்பி வந்து உங்கள் கூடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். நாற்காலியிலிருந்து முப்பது வினாடியில் எத்தனை முறை கையூன்றாமல் எழுந்து உட்காருகிறீர்கள், வராந்தாவில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், இவ்வளவுதான் அவன் வேலை. "டீச்சர், அங்க ஒரு மேடம் இருக்காங்க, நான் எண்ணுறதை அவங்க பக்கத்துல நின்னு எண்ணிச் சரி பார்த்தாங்க" என்றான். யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இருபத்து நான்கு பேரையும் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தாகிவிட்டது. முதல் குழு பன்னிரண்டு பேர் பயிற்சி செய்வார்கள். இரண்டாம் குழு பன்னிரண்டு பேர் எப்போதும் போல இருப்பார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டு குழுவையும் ஒப்பிட வேண்டும். இரண்டாம் குழு மாறாமல் இருந்தால்தான் முதல் குழுவில் நடந்த மாற்றம் பயிற்சியால் வந்தது என்று சொல்ல முடியும்.

நீங்கள் இரண்டாம் குழு.

சீட்டை நான் குலுக்கவில்லை. நீங்கள் என் உறவு என்பதால் பேராசிரியை முதலில் உங்களைச் சேர்க்கவே யோசித்தார். சீட்டுக் குலுக்குவதும் அளப்பதும் நான் இல்லை என்ற பிறகுதான் ஒப்புக்கொண்டார். அவர் இன்னொன்றும் சொன்னார். ஒரே கூடத்தில் இரண்டு குழுவையும் வைக்காதே, இரண்டு வேறு கூடம் தேடு என்றார். வேறு கூடம் எங்கே கிடைக்கும்? எங்கள் ஆட்கள் கட்டுப்பாடானவர்கள் என்று நான்தான் அடித்துப் பேசினேன்.

இரண்டாம் குழுவுக்கு ஒரே ஒரு வேலை. 'இந்த வாரம் புதிதாக ஏதாவது பயிற்சி செய்தீர்களா?' என்ற சீட்டை வாரா வாரம் நிரப்ப வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பயிற்சித் தாள் உங்களுக்கும் வரும்.

உங்கள் ஓரகத்தி


மார்ச் 6

சின்னவளுக்கு,

சும்மா இரு என்று சொல்வதற்கு ஒரு பல்கலைக்கழகமா?

பதினாறு வயதில் மெஷினில் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடத்தில் என்னைச் சும்மா இருக்கச் சொன்ன முதல் ஆள் நீ. அதுவும் அச்சடித்த தாளில்.

காஜாக்காரி முதல் குழு. அந்தத் தாளைக் கண்ணாடி உறையில் போட்டு மெஷின் மேலேயே மாட்டி வைத்திருக்கிறாள். மத்தியானம் மூன்று மணிக்கு அவள் குழு பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று குதிகாலைத் தூக்குகிறார்கள், சுவரைத் தள்ளுகிறார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர் குனிந்த தலை நிமிராமல் தைக்கிறோம். நேற்று என்னைப் பார்த்து, "உங்களுக்கு வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்களா அக்கா?" என்றாள். கத்தரி என் கையில்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நூலை வெட்டினேன்.

சீட்டு விழுந்தது என்கிறாய். விழட்டும். ஆனால் இத்தனை பேர் இருக்க அந்தச் சீட்டு எப்படித் தேடி வந்து என் மேல் விழுந்தது என்று நான் நினைப்பதை நீ தடுக்க முடியாது.

இந்த வாரச் சீட்டு உள்ளே இருக்கிறது. இல்லை, இல்லை, இல்லை என்று பன்னிரண்டு பேரும் எழுதியிருக்கிறோம்.

மூத்தவள்


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சீட்டுகள் ஒழுங்காக வருகின்றன. பேராசிரியையிடம் காட்டினேன், இவ்வளவு கட்டுப்பாடான இரண்டாம் குழுவை அவர் பார்த்ததே இல்லையாம். முதல் குழுவின் சீட்டுகள்தான் கவலையாக இருக்கின்றன. வாரத்தில் ஐந்து நாளுக்கு மூன்று நாள்தான் செய்கிறார்கள். உங்கள் ஆட்களைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கே நானும் ஒரு சோதனைக்கு உட்கார்ந்தேன். இல்லை, ஓடினேன். மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி, அதிலிருந்து குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. காலடியில் ஓடும் ட்ரெட்மில்லை நிமிடத்துக்கு நிமிடம் வேகமாக்கிக்கொண்டே போவார்கள். இனி முடியாது என்னும்போது கையை உயர்த்த வேண்டும். முகமூடிக்குள் பேச முடியாது. வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று "டீச்சர், டீச்சர்" என்று கத்தினார்கள். நான் கையை உயர்த்தவே இல்லை, தாடிக்காரன் பயந்துபோய் நிறுத்திவிட்டான். வகுப்பில் ஐந்தாவது இடம்! இறங்கியதும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. இந்தப் படிப்புக்கு வந்ததில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்பதை உங்களிடம் சொல்ல ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? இன்னும் ஆறு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஓரகத்தி


ஏப்ரல் 21

அன்புள்ள சின்னவளுக்கு,

ஐந்தாவது இடமா? அந்த நான்கு பேரும் உன் வயதில் இப்படி ஓடுவார்களா என்று கேட்டாயா? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் நீ ஏதோ பந்தயத்தில் கோப்பை வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

முதுகு வலி பரவாயில்லை. காரணம் தெரியவில்லை. வெயில் வந்துவிட்டது அல்லவா, அதனால் இருக்கும். கூடத்துக்கு ஏறும் படியில் முன்பெல்லாம் நடுவில் நின்று மூச்சு வாங்குவேன். இப்போது நிற்பதில்லை. படியை ஏதோ சரி செய்திருப்பார்கள்.

காஜாக்காரி ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னாள். எழுந்து உட்காரும்போது கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டுமா, தொங்க விடலாமா? பன்னிரண்டு தடவை லேசாகிவிட்டால் பதினைந்தாக ஏற்றலாமா? துணி ஓரத்துக்கு ஓவர்லாக் அடிக்கிறாளே, அந்த ஓவர்லாக்காரிக்கு முழங்கால் 'டக்' என்று சத்தம் போடுகிறதாம், அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா? எல்லாம் காஜாக்காரி கேட்டதுதான்.

சீக்கிரம் பதில் போடு. அவளுக்கு அவசரமாம்.

மூத்தவள்


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசி அளவெடுப்பு முடிந்து தாடிக்காரன் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு நாளாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போட்டாலும் ஒரே விடை.

முதல் குழு சராசரியாகப் பதினான்கு முறை எழுந்தவர்கள் இப்போது பதினாறு முறை எழுகிறார்கள். சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியைப் பார்த்தேன். எதுவுமே செய்யாத இரண்டாம் குழு பதினான்கிலிருந்து பதினேழுக்குப் போயிருக்கிறது. நடையும் அப்படியே. முதுகு வலியும் அப்படியே. சும்மா இருந்தவர்கள் பயிற்சி செய்தவர்களை முந்திவிட்டார்கள்.

என் பயிற்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். பேராசிரியை தாளை மேலிருந்து கீழாக இரண்டு முறை சரிபார்த்தார். "கிடைச்சதை கிடைச்ச மாதிரியே எழுது" என்றார். எழுதத்தான் போகிறேன். ஜூன் 26 நேர்முகத் தேர்வு. மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து, இந்தப் பத்து நிமிடத்தை நீ எதற்குக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள்.

பதினைந்து வருடமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தவள், பயிற்சி உடம்பை ஏன், எப்படி மாற்றுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நீங்கள் அன்றைக்கே கேட்டீர்கள். நீங்கள் கேட்டது சரிதான் போலிருக்கிறது, அக்கா. இதை எழுதும்போது உங்கள் மேல் கோபம் இல்லை. உங்கள் பன்னிரண்டு பேருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். அவர்கள் சொன்னபடி நடந்துகொண்டார்கள்.

உங்கள் ஓரகத்தி


ஜூன் 1

என் அருமைச் சின்னவளுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. கையில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

நாங்கள் சும்மா இருக்கவில்லை.

பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். மார்ச் 9, திங்கட்கிழமை. காஜாக்காரி கை கழுவப் போன நேரத்தில் அவள் மெஷின் மேல் இருந்த தாளை எடுத்து, நூல் கட்டும் காகிதத்தில் படத்தோடு பார்த்து எழுதிக்கொண்டேன். மறுநாளிலிருந்து மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நூல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் ஓவர்லாக்காரி கையும் களவுமாகப் பிடித்தாள். "என்னக்கா, தனியாவா?" என்று கேட்டுவிட்டு அவளும் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் இரண்டாம் குழு பன்னிரண்டு பேரும் நூல் அறையில். நான் எண்ணிக்கை சொல்வேன், அவர்கள் எழுந்து உட்காருவார்கள். பத்து நிமிடம் இருபதானது. வாசலில் ஒருத்தி காவல்.

சீட்டில் 'இல்லை' என்று எழுதியது பொய். முதல் வாரம் போகப் பதினோரு வாரம், பன்னிரண்டு பேர், நூற்று முப்பத்திரண்டு பொய். காலர் தைப்பவள் ஒருத்தி மட்டும், "பொய் எழுதக் கை வரலைக்கா" என்றாள். அவளுக்கும் சேர்த்து நானே எழுதினேன்.

கடைசி அளவெடுப்புக்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, "மெதுவா எழுந்திருங்க, மூணு மாசத்துக்கு முன்னாடி எப்படி இருந்தீங்களோ அப்படியே முனகிக்கிட்டு எழுந்திருங்க" என்று பாடம் நடத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் எங்களுக்கு முன்னால் காஜாக்காரி பதினேழு போட்டுவிட்டு எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு யார் கேட்கிறார்கள்? நான் பத்தொன்பது. அந்தத் தாடிப் பையன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான்.

இது விளையாட்டாகத்தான் இருந்தது, உன் கடிதம் வரும் வரைக்கும். உன் கடிதத்தை நூல் அறையில் சத்தமாகப் படித்தேன். 'அவர்கள் சொன்னபடி நடந்துகொண்டார்கள்' என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். காலர்காரி அழுதேவிட்டாள்.

எதற்குச் செய்தேன் என்று கேட்பாய். காஜாக்காரி மேல் பொறாமை, அதை மறைப்பானேன். ஆனால் அது மட்டும் இல்லை. அந்தத் தாளில் இருந்த படமெல்லாம் நீ உன் கையால் வரைந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பொம்பளைக்கு என் கொண்டையைப் போட்டிருக்கிறாய். என்னை வரைந்துவிட்டுத் தாளை அவளிடம் கொடுத்தாயே என்று இருந்தது.

இதோடு ஒரு நோட்டு அனுப்புகிறேன். எண்ணாமல் என்னால் எதையும் செய்ய முடியாது என்பது உனக்குத் தெரியும். யார், என்றைக்கு, எத்தனை தடவை, எத்தனை நிமிடம், யார் வரவில்லை, ஏன் வரவில்லை, எல்லாம் இருக்கிறது. இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. எங்கள் பன்னிரண்டு பேரையும் கணக்கிலிருந்து தூக்கி எறிந்தாலும் சரி, எங்களை எல்லோருக்கும் முன்னால் திட்டி எழுதினாலும் சரி. உன் பயிற்சி உபயோகமில்லாதது என்று மட்டும் எழுதாதே. நான் பத்தொன்பது தடவை எழுந்தேன். என் காலுக்குத் தெரியும்.

மூத்தவள்


ஜூன் 8

அக்கா,

இரண்டு நாள் உங்கள் மேல் எனக்கு இருந்த கோபத்தைக் கடிதத்தில் எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும். கையை மார்பில் கட்டுவதா தொங்க விடுவதா என்று கேட்டீர்களே! நானும் ஒரு அசடு, மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினேன். காஜாக்காரி எவ்வளவு அக்கறையாக இருக்கிறாள் என்று பேராசிரியையிடம் பெருமை வேறு பேசினேன்.

மூன்றாம் நாள் நோட்டைப் பிரித்தேன். நாலாம் பக்கம் வரைக்கும் கோபமாகப் படித்தேன். ஐந்தாம் பக்கத்தில், 'பெரிய அதிகாரி வந்தார். நூல் அறையில் என்ன சத்தம் என்றார். எலி என்றேன். உள்ளே இருந்த எலிகள் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு பாதி எழுந்த நிலையில் ஒரு நிமிடம் நின்றன. இதைக் கணக்கில் சேர்ப்பதா தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்து வெளியே அனுப்பப்பட்டேன்.

நோட்டோடு பேராசிரியையிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் முகம் மாறியது. "ரெண்டு கூடம் தேடுன்னு சொன்னேன்ல?" என்றார். சொன்னார்தான். தப்பு என் பேரில்தான் முதலில் விழுகிறது. பிறகு நோட்டைப் புரட்டினார். எலி வந்த பக்கத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

உங்களைத் தூக்கி எறியக் கூடாதாம். சீட்டு விழுந்தபடியே எண்ணி, கிடைத்த விடையை முதலில் எழுத வேண்டும். அடுத்து, இரண்டாம் குழு என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். அதற்குப் பிறகு, நான் திட்டமிடாதது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, யார் எத்தனை நாள் செய்தார்கள் என்பதை எண்ணி அளவுகளோடு வைத்துப் பார்க்கலாம். பார்த்தேன், அக்கா. இருபத்து நான்கு பேரையும் ஒரே வரிசையில் வைத்தால், அதிக நாள் செய்தவர்கள்தான் அதிகம் முன்னேறியிருக்கிறார்கள். தாள் வாங்கியவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் செய்தார்கள். தாளைத் திருடியவர்கள் விட்ட நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தேர்வில் தேறுவேனா என்று தெரியாது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஓட்டை இருக்கும் ஆய்வைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். திருப்பினால் ஆறு மாதம், பள்ளிக்கூட வேலையும் போகும். ஆனாலும் இதை மறைத்து ஒரு வரிகூட எழுத மாட்டேன். அதற்கு உங்கள் பன்னிரண்டு பேர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பெயர் வராது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

உங்கள் ஓரகத்தி


ஜூன் 13

சின்னவளுக்கு,

பன்னிரண்டு கையெழுத்தும் உள்ளே இருக்கின்றன. காலர்காரி இந்த முறை தானே போட்டாள், பெரிதாக. காஜாக்காரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "வாரத்துக்கு மூணு நாள்னு என் ஆளுங்களைப் பத்தி எழுதிட்டாங்களாமே, இனிமே பாருங்க" என்று சவால் விட்டுவிட்டுப் போனாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. அதே கேள்விதான் எனக்கும் இருந்தது. நீ விண்ணப்பம் போட்டது, இடம் கிடைத்தது, விடுப்பு வாங்கியது எல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வீட்டு வாசலில் உன் பெட்டியைப் பார்த்தபோதுதான் தெரியும். பதின்மூன்று வருடம் ஒரே அடுப்படியில் நின்றோம். நான் தடுத்துவிடுவேன் என்று பயந்தாயாம், உன் புருஷன் பிறகு சொன்னான். தடுத்திருப்பேனா? தெரியாது. இரண்டு நாள் கத்தியிருப்பேன். மூன்றாம் நாள் உனக்குப் பையில் பட்டன் தைத்துக் கொடுத்திருப்பேன். அந்த வாய்ப்பை நீ எனக்குக் கொடுக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் ஓடுவதற்கா படிப்பு, குதிப்பதற்கா படிப்பு என்று நாக்கில் வந்ததைச் சொன்னேன்.

பிப்ரவரியில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை என்று எழுதினேன். இப்போது வாங்கிக்கொள்கிறேன். முழுதாக. உன் படிப்பு நல்ல படிப்பு. என்னைப் போல இன்னும் எத்தனை ஆயிரம் பேர் முதுகைப் பிடித்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களுக்கு எல்லாம் அது போக வேண்டும்.

26ஆம் தேதி பயப்படாமல் போ. கேட்டதற்கு நேராகப் பதில் சொல். உன்னைத் திட்டினால் என் விலாசத்தைக் கொடு.

உன் அக்கா


ஜூன் 27

அக்கா, என் அக்கா,

தேறிவிட்டேன்! தந்தி மாதிரி அந்த ஒரு வார்த்தையை நேற்றே போனில் சொல்லியிருப்பேன். நீங்கள் கூடத்தில் இருந்தீர்கள், எடுக்கவில்லை. சரி, எல்லாவற்றையும் வரிசையாக எழுத்திலேயே சொல்கிறேன், இத்தனை மாதம் எழுத்தில்தானே சண்டை போட்டோம்.

சின்ன அறை. திரையில் படம் காட்டும் கருவி இரண்டு முறை அணைந்தது. எங்கள் பேராசிரியை, துறைத் தலைவர், வெளியிலிருந்து வந்தவர். வெளியிலிருந்து வந்தவர் மெலிந்த மனிதர், சிரிப்பே கிடையாது. முதல் அரை மணி நேரம் என்னைத் துணி உதறுவது போல உதறினார். ஒரே கூடத்தில் ஏன் வைத்தாய்? வாரச் சீட்டை நம்பினாயே, ஒரு முறையாவது போய்ப் பார்த்தாயா? எல்லாவற்றுக்கும், "தப்பு சார், என் தப்புதான்" என்றேன்.

கடைசியில், "உங்க இரண்டாம் குழு உங்களை ஏமாத்தியிருக்கு. அந்த நோட்டை மட்டும் நான் ஏன் நம்பணும்?" என்று கேட்டார்.

நோட்டையே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்திச் சத்தமாகப் படித்தார். "'மழை. மூணு பேர் வரலை. வந்தவங்க அவங்களுக்கும் சேர்த்துச் செஞ்சி எண்ணிக்கையைச் சரி பண்ணிடலாமான்னு கேட்டாங்க. கூடாது, வராதவங்க வராதவங்கதான்னு சொல்லிட்டேன்.'" அவர் நிமிர்ந்து, "யாருக்கும் காட்டறதுக்காக எழுதின நோட்டு இல்ல இது" என்றார். "இல்ல சார். எண்ணாம இருக்க முடியாதவங்க எழுதினது" என்றேன். அப்போதுதான் அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

வெளியே நிற்கச் சொன்னார்கள். பதினோரு நிமிடம். தாடிக்காரன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே கூப்பிட்டு, தேறியதாகச் சொன்னார்கள். ஆய்வு எங்கே கெட்டுப்போனது என்று ஒரு அத்தியாயம் சேர்க்க வேண்டும், அடுத்து வருபவர்களுக்கு உதவும் என்றார்கள். வெளியிலிருந்து வந்தவர் வாசலில் என்னை நிறுத்தி, அடுத்த ஆய்வில் நூல் அறையையே முதல் குழுவாக வைக்கச் சொன்னார். கேலியா என்று பார்த்தேன். கேலி இல்லை.

உங்களிடம் சொல்லாமல் கிளம்பியது என் தப்பு. பயந்தேன். உங்களுக்குப் பயந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் நீங்கள் போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் போக மாட்டேன், அதற்குத்தான் பயந்தேன். இனி எங்கே போனாலும் உங்களிடம் இரண்டு நாள் திட்டு வாங்கிக்கொண்டுதான் போவேன்.

ஜூலை 5 வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் சின்னவள்


ஜூலை 1

என் சின்னவளுக்கு,

உன் கடிதம் இன்று காலை பதினோரு மணிக்கு வந்தது. என் வீட்டுக்காரரே வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். உன் புருஷன் போனில் அவரிடம் முன்பே சொல்லிவிட்டானாம், இரண்டு பேரும் எனக்கு எழுத்தில்தான் தெரிய வேண்டும் என்று நாலைந்து நாளாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சாப்பாட்டில் உப்பு அதிகம் போட்டபோதுகூடப் பேசவில்லை, அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் வரியைப் படித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். என் மெஷின் நின்றது. ஓவர்லாக்காரி என் முகத்தைப் பார்த்தாள், அவள் மெஷின் நின்றது. அப்படியே வரிசையாக நின்றுகொண்டே போனது. காலர்காரி, பட்டன் வரிசை, கடைசியில் காஜாக்காரியும் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். நாற்பது மெஷினும் வேலை நேரத்தில் ஒன்றாக நின்று நான் பார்த்ததே இல்லை. மின்விசிறி சத்தம் கேட்டது. கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தேன். மழை வந்த பக்கத்தை அந்த மனிதர் படித்தார் என்ற இடத்தில் வராமல் போன மூன்று பேரும் வெட்கப்பட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். காஜாக்காரி என்னைக் கட்டிக்கொண்டு என் தோள் நனையும்படி அழுதாள், "எங்க தாள்தானே அக்கா, எங்க தாள்தானே" என்று சொல்லிக்கொண்டே.

மேல்மாடியிலிருந்து முதலாளி செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றேன், "எங்க வீட்டுப் பொண்ணு பாஸ் பண்ணிட்டா."

உன் அக்கா